பக்கத்துப் பறவையை மட்டும் பார்

கம்ப்யூட்டரில் பறவைக் கூட்டத்தைப் பறக்க வைப்பது பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே ஒரு வித்தை காட்டிவிடுவார்கள். மூன்றே மூன்று விதி. பக்கத்தில் இருப்பவர்மேல் மோதாமல் விலகு. அவர்கள் போகும் திசையிலேயே, அதே வேகத்தில் போ. கூட்டத்தை விட்டுப் பிரியாமல் சேர்ந்திரு. இதை ஒவ்வொரு பறவைக்கும் கொடுத்துவிட்டால் போதும். தலைவன் வேண்டாம், திட்டம் வேண்டாம், திரையில் கூட்டம் தானாகத் திரண்டு, வளைந்து, பிரிந்து, மறுபடி சேரும் என்பார்கள். அடுத்த பத்தியில் எளிமையிலிருந்து சிக்கல் பிறப்பதைப் பற்றி ஒரு தத்துவம் வரும். அத்தோடு முடிந்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு இந்த வித்தைமேல் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. ஓய்வு நேரத்தில் பிரவுசரில் இதை எழுதி விளையாடிக்கொண்டிருப்பவன் நான். மூன்று விதிகளையும் நிரலாக எழுத ஒரு சாயங்காலம் தாராளம். மிச்ச வேலை முழுக்க வேறு மூன்று கேள்விகளில் கிடக்கிறது. ஒரு பறவைக்கு எவ்வளவு தூரம், யார் யார் தெரியலாம்? இரண்டு விதிகள் எதிரெதிராகப் பேசினால் யார் சொல் எடுபடும்? படம் எடுப்பவர் வந்து "இந்தக் கூட்டம் அந்த மலைக்குப் பின்னால் போய் மறையட்டும்" என்றால் தலைவன் இல்லாத கூட்டத்திடம் அதை யார் போய்ச் சொல்வது? விதிகளைவிட இவைதான் சுவாரசியம் என்பது என் கட்சி.

இதை முதலில் செய்துகாட்டிய கிரெய்க் ரெனால்ட்ஸே இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் தன் முதல் கட்டுரையில் பேசியிருக்கிறார். 1987 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வெளியான கட்டுரை அது. அதிலிருந்து மூன்று விதிகளை மட்டும் உருவிக்கொண்டு மீதியை மறந்தவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

பறவைகள் எப்படி ஒரே நொடியில் மொத்தமாகத் திரும்புகின்றன என்பது பழைய புதிர். எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயப் பறவை ஆர்வலர் பல ஆண்டுகள் கூட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துவிட்டு, ஒரு பறவையின் எண்ணம் இன்னொன்றுக்கு நேராகப் பாய்கிறது, வேறு விளக்கம் இருக்க முடியாது என்று 1931-ல் புத்தகமே போட்டார். சிரிக்க வேண்டாம். பார்த்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். எண்பதுகளின் அனிமேஷன்காரர்களுக்கோ புதிர் வேறு. ஒரு பறவையை அசைக்கக் கணினியில் பாதை வரைந்துவிடலாம். நூறு பறவைக்கு நூறு பாதை வரைய வேண்டும். ஒன்றோடொன்று முட்டாமல், அதே சமயம் இணைபிரியாமலும் வரைய வேண்டும். வரைந்து முடித்தபின் "கொஞ்சம் மெதுவாகத் திரும்பட்டுமே" என்று யாராவது சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

ரெனால்ட்ஸ் அப்போது சிம்பாலிக்ஸ் நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் பிரிவில் இருந்தார். லிஸ்ப் என்ற நிரல் மொழிக்கென்றே கணினி தயாரித்த நிறுவனம் அது. அவருக்குக் கைகொடுத்த முன்னோடி ஒன்று இருந்தது. நெருப்பு, புகை போன்றவற்றை ஆயிரக்கணக்கான துகள்களாகப் பிரித்து அசைக்கும் முறையை லூக்காஸ்ஃபிலிமில் இருந்த வில்லியம் ரீவ்ஸ் 1983-ல் எழுதியிருந்தார். ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இடம், ஒரு வேகம், ஓர் ஆயுள். ரெனால்ட்ஸ் அந்தத் துகளுக்கு முகம் கொடுத்தார். எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசையும், சுற்றி இருப்பவர்களைக் கவனிக்கும் புத்தியும் சேர்ந்ததும் துகள் பறவையாகிவிட்டது. அதற்கு அவர் வைத்த பெயர் பாய்ட்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த புள்ளிவிவரம் ஒன்று. 80 பாய்ட்கள் கொண்ட கூட்டத்தில் ஒரு ஃபிரேமைக் கணக்கிட அவருடைய லிஸ்ப் இயந்திரம் சுமார் 95 விநாடி எடுத்தது. பத்து விநாடி ஓடும் படம், அதாவது 300 ஃபிரேம், ஏறக்குறைய எட்டு மணி நேரம். மாலையில் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து 'விலகு' விதியின் வலுவைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மறுபடி ஓடவிடும் ஒரு மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். இன்று ஸ்லைடரை இழுத்தால் கண்ணெதிரே மாறுகிறது. நமக்குக் கிடைத்த வசதி பெரிது. அவரோ ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் நின்று யோசித்தே ஆகவேண்டிய நிலையில் இருந்தார், அதன் பலன் கட்டுரையில் தெரிகிறது.

முதல் கேள்விக்கு வருகிறேன். யார் யார் கண்ணுக்குத் தெரியலாம்?

சேர்ந்திரு என்பதற்கு உடனே தோன்றும் பொருள், மொத்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து அதை நோக்கிப் போவது. ரெனால்ட்ஸும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்து பார்த்தார். சிதறிக் கிடந்த பறவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நடுமையத்தை நோக்கிப் பாய்ந்தன. அது பறவைக் கூட்டமாகத் தெரியவில்லை, காந்தத்தை நோக்கி ஓடும் இரும்புத்தூளாகத் தெரிந்திருக்கும். அதனால் பார்வையைச் சுருக்கினார். ஒவ்வொரு பாய்டும் தன்னைச் சுற்றிச் சின்ன வட்டாரத்துக்குள் இருப்பவர்களை மட்டுமே கவனிக்கும். பக்கத்தில் இருப்பவரை அதிகமாகவும் தள்ளி இருப்பவரைக் குறைவாகவும். அந்த வட்டாரத்தின் மையத்தை நோக்கித்தான் நகரும். நடுவில் மாட்டிக்கொண்ட பறவைக்குச் சுற்றிலும் சம அளவில் ஆட்கள் இருப்பதால் எந்தப் பக்கமும் பெரிய இழுப்பு இருக்காது. ஓரத்தில் பறக்கும் பறவைக்கு ஒரு பக்கம் வெறுமை, மறுபக்கம் கூட்டம். அதனால் உள்ளே இழுக்கப்படும்.

இந்தச் சுருக்கத்தால்தான் எல்லோருக்கும் பிடித்த அந்தக் காட்சி கிடைக்கிறது. எதிரே தூண் வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் ஓடி அப்பால் போய்ச் சேர்கிறதே, அது மொத்த மையத்தைத் தேடும் பறவையால் முடியாது. தூணுக்கு இந்தப் பக்கம் போகும் பறவைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களைப் பற்றித் தெரியாது, தெரியவும் கூடாது. தன் வட்டாரத்து நண்பர்கள் கூட இருக்கிறார்கள், அது போதும். கூட்டத்துக்கு நளினத்தைக் கொடுப்பது அதிலுள்ள ஒவ்வொருவரின் அறியாமை. விதிகளில் இது எழுதப்படுவதே இல்லை. 'ஆரம்' என்ற ஓர் எண்ணுக்குள் ஒளிந்து கிடக்கிறது.

எழுதிப் பார்த்தால் இது கைக்குத் தெரியும். என்னிடம் இருப்பது சில நூறு முக்கோணங்கள் பறக்கும் எளிய இருபரிமாணப் பலகை. அதில் ஆரத்தைச் சின்னதாக்கினால் கூட்டம் உடைந்து, நாலைந்து பேர் கொண்ட கும்பல்களாக அவரவர் வழியில் அலைகிறது. பெரிதாக்கினால் எல்லாரும் ஒரே கட்டியாகி ஒரே நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கிறார்கள், பார்க்கச் சலிப்பு. நடுவில் குறுகலான ஓர் இடைவெளி இருக்கிறது. அதில்தான் உயிர். ஒத்துப்போகும் விதியை அணைத்துவிட்டால் தெருவிளக்கைச் சுற்றும் ஈசல்: சேர்ந்தே இருக்கும், எங்கேயும் போகாது. சேர்ந்திரு என்பதை அணைத்தால் அழகாக வரிசைபிடித்துப் பறந்து மெல்ல மெல்லக் கரைந்துபோகும். பின்னால் இருப்பவர் தெரியக்கூடாது என்று பார்வைக் கோணத்தை முன்பக்கத்துக்குக் குறுக்கினால் கூட்டம் நீண்டு பாம்பாகிறது. முன்னால் போகிறவனை மட்டும் பார்க்கிறவர்கள் வரிசையாகத்தானே நிற்பார்கள். இதில் எதற்கும் நான் புது விதி எழுதவில்லை.

இயற்கையில் இந்த ஆரம் எவ்வளவு? ரோம் நகரில் குளிர்காலச் சாயங்காலங்களில் ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து அடையும். டெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் கூரையில் கேமராக்களை வைத்து, ஒரே கணத்தில் பல கோணங்களிலிருந்து படம் பிடித்து, ஒவ்வொரு பறவையும் முப்பரிமாணத்தில் எங்கே இருக்கிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் குழு ஒன்று கணக்கிட்டது. அந்தக் குழுவில் இருந்த ஜார்ஜியோ பாரிஸிக்கு 2021-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 2008-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு, ஒரு பறவை குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் எல்லாரையும் கவனிப்பதில்லை, தூரம் எதுவானாலும் தனக்கு மிக அருகில் உள்ள ஆறேழு பேரைத்தான் கவனிக்கிறது என்பது. கூட்டம் நெருக்கமாக இருந்தாலும் அதே ஆறேழு, தளர்வாக இருந்தாலும் அதே ஆறேழு.

இதன் அர்த்தம் பெரிது. வல்லூறு வந்து பாய்கிறது, கூட்டம் சிதறுகிறது, பறவைகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. தூரத்தை நம்பியவனுக்கு அண்டை அயலார் ஆரத்துக்கு வெளியே போய்விடுவார்கள், அவன் தனியன். எண்ணிக்கையை நம்பியவனுக்கு எவ்வளவு சிதறினாலும் ஆறேழு பேர் இருந்துகொண்டே இருப்பார்கள், கூட்டம் மறுபடி கூடும். என் பலகையிலும் இதைப் போட்டுப் பார்த்தேன். சிதறடித்தபின் சேரும் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. (நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் வலசை வரும் சூறைக்குருவிகள் ஸ்டார்லிங் குடும்பம்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களில் மாலையில் அடைய வரும்போது வானத்தில் இதே ஆட்டம் நடக்கும்.)

படத்துக்கு வேலை செய்கிறவர்கள் இந்த முடிவைப் பார்த்துவிட்டுத் தங்கள் பழைய நிரலைத் தூக்கி எறிந்தார்களா என்றால், அதற்கு அவசியம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது நிஜப் பறவை அல்ல, நான்கு விநாடிக்குப் பார்ப்பவரை நம்பவைக்கும் பறவை. இந்த வேறுபாட்டுக்குக் கடைசியில் மறுபடி வர வேண்டியிருக்கும்.

இரண்டாவது கேள்வி, விதிகளின் சண்டை. பெரும்பாலான இணையப் பாடங்களில் மூன்று விதிகள் தரும் மூன்று தள்ளல்களையும் எடை போட்டுக் கூட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது ஓடும். ஆனால் ஒரு சுவரை நோக்கிப் பறவை போகிறது என்று வையுங்கள். சுவரைத் தவிர்க்கும் விதி இடதுபக்கம் திரும்பச் சொல்கிறது. கூட்டம் வலதுபக்கம் இருப்பதால் சேர்ந்திரு விதி வலதுபக்கம் இழுக்கிறது. கூட்டிப் பார்த்தால் சுழியம். பறவை இரண்டு பேர் பேச்சையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு நேராகப் போய்ச் சுவரில் மோதுகிறது. சமரசம் என்பது எப்போதும் நல்ல தீர்வு இல்லை. ஒரு விஷயத்தில் அரைகுறையாகத் திரும்புவது திரும்பாமல் இருப்பதைவிட மோசம்.

ரெனால்ட்ஸ் இதற்குச் செய்த ஏற்பாடு வரிசைமுறை. ஒரு பறவையால் ஒரு கணத்தில் இவ்வளவுதான் முடுக்கம் தர முடியும் என்று ஒரு வரம்பு. அந்த வரம்பிலிருந்து முதலில் மோதலைத் தவிர்க்கும் விதி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால் அடுத்த விதிக்கு. அதிலும் மிச்சம் இருந்தால் அதற்கடுத்ததற்கு. ஆபத்து வேளையில் கடைசி விதிக்கு ஒன்றும் கிடைக்காது. கூட்டத்தை விட்டுப் பறவை கொஞ்ச நேரம் விலகும், பரவாயில்லை, உயிரோடு இருக்கிறது. சுவரைத் தவிர்ப்பதிலும் அவர் ஒரு நுட்பம் சொல்கிறார். சுவரிலிருந்து ஒரு விசை வெளியே தள்ளுவதாக வைத்தால், சுவருக்கு இணையாக ஒழுங்காகப் பறந்துகொண்டிருக்கும் பறவையையும் அது வீணாகத் தள்ளும். சுவரை நோக்கிச் செங்குத்தாக வரும் பறவையையோ அது பின்னுக்குத் தள்ளி வேகத்தைத்தான் குறைக்கும், திருப்பிவிடாது. அதனால் முன்னால் பார்த்து, தடையின் விளிம்பைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று வெளியே குறிவைத்துத் திரும்ப வைத்தார். தள்ளப்படுவதற்கும் தானே திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் திரையில் அப்பட்டமாகத் தெரியும். தள்ளப்படுவது பந்து.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய பறவைகள் திரும்பும்போது ஒரு பக்கம் சாயும். சைக்கிளில் வளைவில் சாய்வோமே, அதுபோல் திரும்பும் விசையோடும் ஈர்ப்போடும் சேர்த்துக் கணக்கிட்ட சாய்வு. மூன்று விதிகளில் இது இல்லை. ஆனால் இதை எடுத்துவிட்டால் பறவை அம்புக்குறியாகிவிடும்.

கூட்டம் பெரிதாகும்போது வரும் கணக்குச் சிக்கலைச் சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் "நீ பக்கத்தில் இருக்கிறாயா" என்று கேட்டால் ஆயிரம் பேருக்குப் பத்து லட்சம் கேள்வி, பத்தாயிரம் பேருக்குப் பத்துக் கோடி. அதனால் இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தன் கட்டத்திலும் ஒட்டிய கட்டங்களிலும் இருப்பவர்களை மட்டும் கேட்க வைப்பார்கள். குறுகிய பார்வை இங்கேயும் உதவுகிறது.

இனி மூன்றாவது கேள்வி. படம் எடுப்பவர் நினைத்த இடத்துக்குக் கூட்டம் எப்படிப் போகும்?

ரெனால்ட்ஸின் கட்டுரையிலேயே நான்காவதாக ஒன்று இருக்கிறது, யாரும் எண்ணுவதில்லை. வலசை உந்துதல் என்று அதைச் சொல்லலாம். ஒரு திசையையோ ஒரு புள்ளியையோ எல்லாப் பறவைகளுக்கும் கொடுத்து, அதன்பக்கம் லேசாகச் சாய வைப்பது. அந்தப் புள்ளியை அனிமேட்டர் நேரத்துக்கு நேரம் நகர்த்தலாம். பறவைகள் அதைத் தீவிரமாகத் துரத்தாது, ஆனால் காலப்போக்கில் அங்கே போய்ச் சேரும். ஆக, தலைவன் இல்லாத கூட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத மேய்ப்பன் ஒருவன் ஆரம்பத்திலிருந்தே இருந்தான். அவர் பங்கெடுத்த குறும்படம் ஒன்றில் பறவைக் கூட்டமும் மீன் கூட்டமும் வரும். அந்த 1987 மாநாட்டிலேயே திரையிட்டார்கள். கதை உள்ள படத்தில் கூட்டம் கதைக்குக் கட்டுப்பட்டுத்தானே ஆகவேண்டும்.

பெரிய சினிமாவுக்கு இது 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் வந்தது. வௌவால் கூட்டத்துக்கும் அணிவகுத்து நடக்கும் பென்குவின் படைக்கும் பாய்ட் வழியில் எழுதிய நிரலைப் பயன்படுத்தினார்கள். 1994-ல் 'தி லயன் கிங்'. பள்ளத்தாக்குக்குள் வில்டபீஸ்ட் என்ற ஆப்பிரிக்க மான் இன மந்தை பாய்ந்து வரும் காட்சி, ஓடுவது சுமார் இரண்டரை நிமிடம், அதற்கு உழைத்தது இரண்டு ஆண்டுகளுக்கு மேல். கையால் வரைந்த படம் அது. ஒரு விலங்கு ஓடுவதை முதலில் கையால் வரைந்து, அதைப் பார்த்துக் கணினியில் முப்பரிமாண விலங்கு செய்து, நூற்றுக்கணக்கில் பெருக்கி, ஒன்றோடொன்று மோதாமல் ஓடவிட்டு, கடைசியில் சுற்றியுள்ள கையோவியத்தோடு ஒட்டுமாறு அதற்கு வண்ணம் பூச வேண்டும். மூன்று விதி போதும் என்பவர்களிடம் அந்த இரண்டு ஆண்டுகளை நினைவூட்டத் தோன்றும் எனக்கு. 1998-ல் ரெனால்ட்ஸுக்கு ஆஸ்கர் அகாடமியின் அறிவியல் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

பறவையும் விலங்கும் ஒருவழியாக ஓடிவிட்டன. மனிதக் கூட்டம்தான் கடினம்.

1981 ஜனவரி 31. டெல்லியில் 'காந்தி' படத்தின் இறுதி ஊர்வலக் காட்சியை எடுத்தார்கள். நிஜ இறுதி ஊர்வலம் நடந்து அன்றோடு 33 ஆண்டு. திரண்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர். 11 கேமராக் குழுக்கள். படத்தில் மிஞ்சியது இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஒரு காட்சிக்கு மிக அதிகமான துணை நடிகர்கள் என்று கின்னஸில் இடம்பெற்றது. அதை முறியடிக்க இனி யாரும் மெனக்கெடப் போவதில்லை. அப்படியொரு கூட்டத்தைக் கணினியில் செய்ய வேண்டும் என்றால் பாய்ட்டால் ஆகாது. கூட்டமாகப் பறக்கும் பறவை நடுவானில் நிற்பதில்லை. அதற்கு எப்போதும் ஒரு வேகம் உண்டு, அந்த ஓட்டமே பல குறைகளை மூடிவிடும். மனிதன் நிற்பான். பேசுவான். திரும்பி வந்த வழியே போவான். பார்க்கிற நமக்கும் பறவையின் நடையில் பிழை தெரியாது, மனிதனின் நடையில் ஒரு சின்னப் பிசகும் உறுத்தும்.

இயற்பியல் பக்கத்திலிருந்து 1995-ல் டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மொல்னாரும் ஒரு வழி சொன்னார்கள். நடப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்ப வேகம் உண்டு, சராசரியாக விநாடிக்கு 1.34 மீட்டர். யாராவது குறுக்கே வந்து அது குறைந்தால் சுமார் அரை விநாடிக்குள் பழைய வேகத்துக்குத் திரும்பப் பார்ப்பார். மற்றவர்களும் சுவர்களும் அவரை விலக்கும். அவ்வளவுதான். எதிரெதிர்த் திசையில் நடப்பவர்களை ஒரு நடைபாதையில் விட்டால் யாரும் சொல்லாமலேயே ஒரே திசைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து ஓடைகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். குறுகிய கதவின் இரு பக்கமும் கூட்டம் நின்றால் கொஞ்ச நேரம் இந்தப் பக்கத்தார் வருவார்கள், அப்புறம் அந்தப் பக்கத்தார். திநகர் ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

ஆனால் திரையில் இது எப்போதும் மனிதனாகத் தெரிவதில்லை. விசை என்பது நெருங்கிய பின்தான் வலுக்கிறது. நாமோ பத்தடி முன்னாலேயே லேசாகத் தோளைத் திருப்பி வழிவிடுகிறோம். இன்னொரு தொல்லை, எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்குவது, பிறகு இருவருமே மறுபக்கம் ஒதுங்குவது. நிஜத்தில் ஒருமுறை சிரித்துவிட்டுப் போய்விடுவோம். நிரலில் இது ஃபிரேமுக்கு ஃபிரேம் நடந்து இருவரும் நடுங்கிக்கொண்டே நிற்பார்கள். 2008-ல் யூர் வான் டென் பெர்க், மிங் லின், தினேஷ் மனோச்சா மூவரும் இதற்குச் சொன்ன தீர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். மோதலைத் தவிர்க்கும் பொறுப்பில் பாதியை மட்டும் நீ எடுத்துக்கொள், மறுபாதியை எதிரில் வருபவர் எடுத்துக்கொள்வார் என்று நம்பு. இருவரும் ஒரே நம்பிக்கையோடு நடந்தால் நடுக்கம் போய்விடுகிறது. விளையாட்டு மென்பொருள்களில் இன்று இந்த வழியின் பிள்ளைகள்தான் நடமாடுகின்றன. ஒரே குறை, அவர்கள் அதிகப்படி நாசூக்காக ஒதுங்குகிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் நாலு பேர் இடித்துக்கொண்டு போகாமல் கூட்டம் உண்டா?

போர்க்களத்துக்கு வேறு வழி. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்காக நியூசிலாந்துக்காரர் ஸ்டீபன் ரெகலஸ் எழுதிய மாசிவ் மென்பொருளில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு மூளை வரைபடம் உண்டு. வீரன் நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்பது உள்ளே போகும். ஆமாம் இல்லை என்று வெட்டாமல் 'கொஞ்சம் பக்கத்தில்', 'ரொம்பப் பக்கத்தில்' என்று அளந்து முடிவெடுக்கும். நடிகர்களின் அசைவுகளிலிருந்து பதிவு செய்த துண்டுகளில் பொருத்தமானதை எடுத்து ஆடும். ஆரம்பகாலச் சோதனை ஒன்றில் சில வீரர்கள் சண்டை போடாமல் மலைப்பக்கம் ஓடிவிட்டார்கள் என்றும், கணினி வீரனுக்கு உயிர்பயம் வந்துவிட்டது என்றும் ஒரு கதை உலகம் சுற்றியது. விஷயம் அவ்வளவு காவியமாக இல்லை. அவர்கள் எதிரி இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர்கள். கண்ணெதிரே எதிரி இல்லை, ஓடிப்போய்த் தேடினார்கள். மறுபடியும் யார் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள் என்ற அதே பிரச்சினை.

விஎஃப்எக்ஸ், அதாவது சினிமாவின் கணினிக் காட்சி வேலையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டால் இந்தக் கோட்பாடு எதையும் பேசமாட்டார். அவருடைய தலைவலி கால் வழுக்குவது. ஏஜென்ட், அதாவது விதிப்படி தானாக நகரும் கணினி ஆள், நகரும் வேகத்துக்கும் அவன் காலடிக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் தரையில் எண்ணெய் கொட்டியதுபோல் சறுக்கிக்கொண்டே போவான். அடுத்தது, நூறு பேருக்கும் ஒரே நடைத்துண்டைக் கொடுத்தால் நூறு இடதுகாலும் ஒன்றாக எழும்பும். திருவிழாக் கூட்டம் ராணுவ அணிவகுப்பாகிவிடும். அதனால் ஆளுக்கு ஆள் துண்டின் ஆரம்பத்தைத் தள்ளிப் போடுவார்கள், உயரத்தையும் சட்டை நிறத்தையும் கலைப்பார்கள். கடைசியில் இயக்குநர் வந்து முன்வரிசையில் ஒருவனைக் காட்டி "இவன் ஏன் சும்மா நிற்கிறான்" என்று கேட்பார். அவனை மட்டும் கையால் அசைப்பார்கள். சினிமாவில் பார்க்கும் எந்தக் கூட்டத்திலும் முன்வரிசை பெரும்பாலும் கைவேலைதான். தானியங்கி எல்லாம் பின்வரிசையில்.

முன்பு சொன்ன வேறுபாட்டுக்கு வருகிறேன். நம்பவைத்தால் போதும் என்பது சினிமாவுக்குச் சரி. ஆனால் இதே ஏஜென்ட்களை வைத்துத்தான் அரங்கத்திலிருந்து ஆட்கள் எவ்வளவு நேரத்தில் வெளியேறுவார்கள் என்றும் கணக்குப் போடுகிறார்கள். அங்கே கண்ணுக்குச் சரியாகத் தெரிவது ஆதாரமே ஆகாது. 2000-ல் ஹெல்பிங் இருவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் பீதியில் ஓடும் கூட்டத்தின் மாதிரியை வெளியிட்டார். எல்லாரும் வேகமாக வெளியேற முயன்றால் கதவில் அடைத்துக்கொண்டு மொத்தமாகத் தாமதமாகிறது என்பது அதன் புகழ்பெற்ற முடிவு. அதோடு 'பீதி' என்ற சொல்லும் எல்லார் மனதிலும் ஒட்டிக்கொண்டது. 2010 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் இசை விழாக் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 21 பேர் இறந்தார்கள். ஹெல்பிங்கே இன்னொருவரோடு சேர்ந்து அங்கே எடுக்கப்பட்ட வீடியோக்களை ஆராய்ந்து 2012-ல் எழுதினார்: அங்கே கூட்டம் பீதியில் மிதித்துக்கொண்டு ஓடவில்லை. உடம்போடு உடம்பு ஒட்டும் அளவுக்கு அடர்த்தி கூடியபின், யார் தள்ளினார் என்றே இல்லாமல் விசை அலையலையாகக் கூட்டத்துக்குள் பரவியிருக்கிறது. அந்த நிலையில் தனிமனிதன் எடுக்கிற முடிவுக்கு வேலையே இல்லை. அவன் என்ன விதியைப் பின்பற்றினாலும் காலை ஊன்ற முடியாது.

விதிவழி ஏஜென்டுக்கு இது ஓர் எல்லைக்கோடு. ஒருவன் பார்க்கிறான், யோசிக்கிறான், திரும்புகிறான் என்ற ஏற்பாடு அவனுக்குத் திரும்ப இடம் இருக்கும்வரைதான் செல்லும். அதற்கு அப்பால் கூட்டத்தை ஆட்களாகக் கணக்கிடுவதைவிடத் திரவமாகக் கணக்கிடுவது உண்மைக்கு நெருக்கம். செய்திகளில் ஒவ்வொரு முறையும் 'கட்டுக்கடங்காத கூட்டம்', 'முண்டியடித்தார்கள்' என்று படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவன் பார்வைக்கு எட்டுவது நாலு பேர் முதுகு. அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்திய வழியும் தடுப்பும் வகுத்தவர்களுக்குத்தான் மொத்தப் படமும் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்களும் எழுதிப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு யோசனை. ஒன்று, எல்லாப் பறவைகளின் புது வேகத்தையும் தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, பிறகு மொத்தமாக நகர்த்துங்கள். ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனால் பட்டியலில் முதலில் இருப்பவன் பழைய உலகத்தையும் கடைசியில் இருப்பவன் புது உலகத்தையும் பார்ப்பான். கூட்டத்துக்கு அர்த்தமில்லாத ஒரு வரிசை நுழைந்துவிடும். இரண்டு, ஆரத்துக்கு ஒரு ஸ்லைடர் வைப்பதோடு நிற்காமல் 'எத்தனை பேரைப் பார்க்கலாம்' என்பதற்கும் ஒன்று வையுங்கள். அதை ஒன்றிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஒருவரை மட்டும் பார்க்கச் சொன்னால் ஜோடி ஜோடியாகப் பிரிந்து திரிவார்கள். நாலைந்துக்கு மேல் போகும்போது கூட்டம் பிடிக்க ஆரம்பிக்கும். இருபதுக்கு மேல் ஏற்றினால் வித்தியாசம் அதிகம் தெரியாது, கணினிதான் சூடாகும்.